தியாமிக்கே யாருடைய பிள்ளை? (அத்தியாயம் 11)

சிட்டிபா என்ற ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்து ஒன்பது நாளாகிவிட்டது. லிம்பானி வாத்தியார் அதை இன்னும் வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். தினமும் காலையில் பிள்ளைகளின் பேரைக் கூப்பிடும்போது அது எட்டிப் பார்க்கும். உள்ளே தள்ளிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடுவார்.

சனிக்கிழமை கிளம்பியாக வேண்டும். நாட்டின் வடக்கு ஓரம், இரண்டு நாள் பஸ் பயணம். போவதைப் பற்றி அவருக்குக் குழப்பம் இல்லை. ஒன்பது வயது மகள் தியாமிக்கே கூட வருவாளா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை தாய்வீட்டுக்குச் சொந்தம். லிம்பானியே எனலேசியைக் கட்டிக்கொண்டு, பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்குக் குடிவந்த மாப்பிள்ளைதான். வீட்டின் செங்கல் அவர் சுட்டது. நிலம் எனலேசியுடையது. இரண்டு மழைக்காலத்துக்கு முன் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகும் அவரை யாரும் போகச் சொல்லவில்லை. கடைசியில் அரசாங்கம்தான் சொன்னது.

போன வாரம் எனலேசியின் அண்ணன் கென்சன் நடுரோட்டில் சைக்கிளை நிறுத்திப் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது.

"நீ எங்க வேணா போ மாப்ள. எங்க வீட்டுப் பிள்ளையை எதுக்கு மூட்டை கட்டுற?"

வியாழக்கிழமை நாலு மணிக்குக் குடும்பம் கூடும்போது பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் லிம்பானி சொன்னார்.

அந்த வியாழக்கிழமை, முலான்ஜே மலைப் பக்கமிருந்து வரும் ஜூன் மாதத் தூறலோடு விடிந்தது.

*

நாலாம் வகுப்பில் தொண்ணூற்றேழு பேர். தூறல் என்பதால் யாரையும் மரத்தடிக்கு அனுப்ப முடியவில்லை. மூன்று பெஞ்சு போக மீதிப் பேர் தரையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

ஆங்கிலப் பாடம். யாருடையது என்று சொல்லப் பழக வேண்டும்.

வாத்தியார் வீட்டிலிருந்து நீலப் பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை அது சுற்றி வந்தது. ஒரு பென்சில் துண்டு, ஒற்றைச் செருப்பு, ஊக்கு, பாட்டில் மூடி, பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கட்டிய பந்து என்று சேர்ந்தது.

பந்தை எடுத்து உயர்த்தினார்.

"ஹூஸ் பால் இஸ் திஸ்?"

"இட் இஸ் லஸ்டன்'ஸ் பால்!"

கரும்பலகையில் எழுதிவிட்டு, பேருக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே மேலே ஒரு சின்னக் கோடு இழுத்தார். பிள்ளைகள் அதை வால் என்றுதான் சொல்வார்கள்.

"லஸ்டன் பையனா, பொண்ணா?"

"பையன்!"

"அப்போ?"

"இட் இஸ் ஹெர்ஸ்!" என்று பாதி வகுப்பு கத்தியது. லஸ்டன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் மொழியில் அவனுடையதற்கும் அவளுடையதற்கும் ஒரே சொல்தான். ஆங்கிலம் ஏன் ஒவ்வொரு தடவையும் பாவாடையா கால்சட்டையா என்று எட்டிப் பார்க்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

"சார், ஹெர்ஸுக்கு வால் போடணுமா?" என்று கேட்டாள் இந்தாசியோனா. துருவித் துருவிக் கேட்கிற பெண்.

"கூடாது. லஸ்டன் பந்தைப் பிடிக்கணும்னா வால் வேணும். ஹெர்ஸ், ஹிஸ், மைன் எல்லாம் பிறக்கும்போதே பொருளைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பிறந்ததுங்க. அதுக்கு எதுக்கு வால்?"

அவளுக்குத் திருப்திதான். ஆனால் பேசினை எட்டிப் பார்த்ததும் முகம் மாறியது. அவள் போட்டிருந்த ஒரு முழக் கரும்பைக் காணோம்.

"சார், சுகர்கேன்... இட் வாஸ் மைன்," என்றாள் கண் கலங்க. "இப்ப ஃபாஸ்டரோடது. அவன் வயித்துல இருக்கு."

லிம்பானிக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. "அழுதாலும் இலக்கணம் தப்பல பாரு," என்று சொல்லிவிட்டு, அதையும் எழுதத் திரும்பினார்.

"வாத்தியாரே, நாலு மணி வரைக்கும் நான் எங்க போய் நனையறது?"

வாசலிலிருந்து அந்தக் குரல் வந்ததும் சாக்பீஸ் நின்றுவிட்டது.

எனலேசி இதே வாசலில் நின்று இப்படித்தான் கூப்பிடுவாள். பத்து மணிக் கஞ்சியோடு வருவாள். அவர் உடனே திரும்பவில்லை. திரும்பினால் யார் நிற்பார்கள் என்று தெரியும். திரும்பாத வரைக்கும் தெரியாதல்லவா.

ஃபலேசி நின்றிருந்தாள். எனலேசியின் அக்கா. சோம்பா நகரத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே எண்ணெய்ச் சட்டி வைத்து மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்கிறவள். தலையில் மூடி போட்ட வாளி, இடுப்பில் நனைந்த சுற்றுத்துணி. கலியாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை என்று புருஷன் விட்டுப்போன பிறகு, ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். போன மாதம் அந்த அறையின் நடுவே திரை கட்டினாள். ஒரு சின்னக் கட்டில், புதுக் கொசுவலை எல்லாம் வாங்கிப் போட்டாள். யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

"உள்ள வந்து உட்காருங்க மதினி," என்றார் லிம்பானி, அவள் காலடியைப் பார்த்தபடி.

அவள் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். மண்டாசி வாசனையில் வகுப்பே ஒரு தடவை மூச்சு இழுத்தது.

புதுப் பொருள் கிடைத்த சந்தோஷத்தில் ஃபாஸ்டர் எழுந்து அவளையே கை காட்டினான்.

"சார்! ஷீ இஸ் தியாமிக்கே'ஸ் மதர்!"

"ஷீ இஸ் ஹெர் மதர்!" என்று வகுப்பு முழுக்கச் சேர்ந்து கத்தியது. அன்று காலையில் ஹிஸ், ஹெர் குழப்பம் இல்லாமல் எல்லோரும் சரியாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

தப்பு என்று எப்படிச் சொல்வது? அம்மாவின் அக்கா என்றால் எங்களுக்குப் பெரிய அம்மா. அம்மாவேதான். பாடப் புத்தகத்தில் ஆன்ட்டி என்று ஒரு சொல் இருக்கிறது. இங்கே அது அப்பாவின் தங்கைக்குத்தான் பொருந்தும்.

ஃபலேசிக்கு அந்த வாக்கியத்தில் மதர் என்ற ஒரு சொல் பிடிபட்டது. முகம் மலர்ந்தது. சுற்றுத்துணியைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டாவது வரிசையிலிருந்து தியாமிக்கே எழுந்தாள்.

"நோ, சார். ஷீ இஸ் மை மதர்'ஸ் சிஸ்டர்."

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. வால்கூட காதில் விழுந்தது. அந்தத் தொண்ணூற்றேழு பேரில் அன்றைக்கு அவ்வளவு சுத்தமாக யாரும் சொல்லவில்லை.

"குட்," என்றார் அப்பா. சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

*

இடைவேளையில் ஃபலேசி அவரிடம் வந்தாள்.

"என்ன சொன்னா எம்பொண்ணு? எல்லாரும் அமைதியாயிட்டாங்களே."

"நீங்க அவளோட பெரியம்மான்னு சொன்னா. அவளுக்குச் சொந்தம்னு சொன்னா."

"நல்லாப் பேசுறா இங்கிலீஷ்."

"ஆமா."

வாளியைத் திறந்து பெரிய மண்டாசியாகப் பார்த்து எடுத்து நீட்டினாள். தியாமிக்கே முழங்கால் மடித்து, இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள். எந்தப் பெரியவர் கொடுத்தாலும் அப்படித்தான் வாங்குவாள்.

அந்த மரியாதை ஃபலேசிக்குக் கசந்தது. அவள் கடையில் தினமும் பார்க்கிறாளே. அம்மாக்காரி கையிலிருந்து பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டல்லவா ஓடுகிறார்கள்.

*

நாலு மணிக்குக் கென்சன் வீட்டுக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கத்துகிற முகம் இன்று இல்லை.

தியாமிக்கேயை டீ போடச் சொல்லிப் பின்கட்டு அடுப்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து எல்லாம் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நீ முதல்ல பேசு மாப்ள."

லிம்பானி ஒன்பது நாளாக யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"மச்சான், நான் வழக்கத்தை எதிர்த்துப் பேசல. பதினோரு வருஷம் உங்க மண்ணுல விளைஞ்ச சோளத்தைத் தின்னேன். ஆனா காலையில அவளுக்குக் கஞ்சி காய்ச்சுறது நான்தான். இருமினா எழுந்து பார்க்குறது நான்தான். அவ இல்லாம அந்த ஊர்ல போய் நான் என்ன பண்ணப் போறேன்? அவ்வளவுதான் என் பேச்சு."

கென்சன் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ நல்ல மாப்ளதான். யாரும் இல்லேங்கல. ஆனா வடக்குல பிள்ளை அப்பன் வீட்டுக்குன்னு சொல்ற ஜனங்க. பத்து வருஷம் அங்க வளர்ந்தா எங்களை அடையாளம் தெரியுமா அவளுக்கு? எனலேசி கண்ணை மூடும்போது பக்கத்துல நான்தான் இருந்தேன். 'பிள்ளை'ன்னா. அத்தோட பேச்சு நின்னுபோச்சு. பிள்ளையை என்னன்னு சொல்ல வந்தா? எனக்குத் தெரியல. ரெண்டு வருஷமா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

கென்சன் தொப்பியைக் கீழே வைத்தார்.

"அதனால ஒரு வழி யோசிச்சேன். ஃபலேசியைக் கட்டிக்கோ."

பின்கட்டில் பாத்திர மூடி ஒன்று விழுந்து உருண்டது.

"என்ன அப்படிப் பார்க்குறீங்க? ஊர்ல நடக்காததா? பிள்ளை தாய்வீட்டு ஆளோட இருக்கும். நீயும் பிள்ளையோட இருப்ப. மூணு பேரும் சேர்ந்து பஸ் ஏறுங்க, நானே வந்து வழியனுப்புறேன்."

"என்னைக் கேட்டியா அண்ணே?" என்றாள் ஃபலேசி.

"பிள்ளை பிள்ளைன்னு புலம்புனவ நீதானே?"

"பிள்ளை வேணும். அதுக்காக, பிள்ளையோட சேர்த்துப் பஸ்ல ஏத்தி விடுற சாமானா நான்?"

"மதினி..." என்று ஆரம்பித்தார் லிம்பானி.

"நீங்க சும்மா இருங்க வாத்தியாரே. நான் பேசும்போதெல்லாம் நீங்க தரையைப் பார்த்துக்கிட்டே கேக்குறீங்க. ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? எனக்கும் அவளுக்கும் ஒரே தொண்டை. எங்கம்மாவே குழம்பிப் போவா, கூப்பிட்டது இவளா அவளான்னு. நீங்க என் பேச்சைக் கேக்கல. அவ பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. அப்படி ஒரு வீட்டுல நான் எப்படிக் குடியிருக்க முடியும்? என் முகத்தைப் பார்த்து நாளைக்கு நீங்களே ஏமாந்து போவீங்க. தினமும்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லிம்பானிக்குப் பொய்யாகக்கூட அது வரவில்லை.

கென்சன் பெருமூச்சு விட்டார். தங்கையை அவருக்குத் தெரியும். முடியாது என்றால் முடியாதுதான்.

"சரி. அப்போ பேச வேற ஒண்ணும் இல்ல. பிள்ளை பெரியம்மா வீட்டுக்குப் போகட்டும். நாளைக்கு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் ஃபலேசி வந்து கூட்டிக்கிட்டுப் போவா. மாப்ள, நீ சனிக்கிழமை கிளம்பு. லீவுக்கு லீவு வந்து பார்த்துக்கோ. கதவு திறந்தே இருக்கும்."

தியாமிக்கே டீத் தட்டோடு வந்து முழங்காலிட்டாள். மூன்று பேருக்கும் கொடுத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. டீயில் சர்க்கரை இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

*

விருந்தாளியைக் கொஞ்ச தூரமாவது கொண்டுபோய் விடுவதுதான் முறை. கென்சனின் சைக்கிள் மறைந்த பிறகு லிம்பானி ஃபலேசியோடு மெயின் ரோடு வரை நடந்தார். அறுத்த சோளத் தட்டைகள் இரண்டு பக்கமும் ஈரத்தில் கறுத்துக் கிடந்தன.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரல வாத்தியாரே."

"எதைச் சொல்றீங்க?"

"சிஸ்டர்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? பிள்ளைக்காக ஏழு வருஷம் ஆஸ்பத்திரி வரிசையில நின்னு சிஸ்டர், சிஸ்டர்னு கெஞ்சினவ நான். மதர் எனக்குத் தெரியும். 'நோ'ன்னாலும் தெரியும்."

லிம்பானி நின்றுவிட்டார். "சின்னப் பிள்ளை மதினி. விவரம் தெரியாம..."

"விவரமாத்தான் சொன்னா. அவ அம்மா உட்கார்ந்த இடத்துல இன்னொருத்தி உட்காரக் கூடாதுன்னு காவல் இருக்கா. இருக்கட்டும். நானும் அவளா இருந்தா அப்படித்தான் இருப்பேன்."

அவள் வாளியைத் தலையிலிருந்து இறக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் கடைசி வரிசையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். எல்லாப் பிள்ளையும் கரும்பலகையைப் பார்க்குது. இவ உங்க கையையே பார்க்குறா. நீங்க ஜன்னல் பக்கம் போனா அவ கண்ணும் அங்க போகுது. ஒரு நிமிஷம் கதவுக்கு வெளிய போனீங்க பாருங்க, அவ எழுதறதை நிறுத்திட்டா. திரும்பி வந்த பிறகுதான் பென்சில் நகர்ந்தது. இந்தப் பிள்ளையை உங்ககிட்டேருந்து பிரிச்சுக் கொண்டுபோய் என் திரைக்கு அந்தப் பக்கம் படுக்க வச்சா, ராத்திரி முழுக்கக் கதவைப் பார்த்துக்கிட்டுத்தான் படுத்திருப்பா. எனக்கு எதுக்கு அது?"

தூரத்தில் ஒரு மினிபஸ்ஸின் விளக்கு தெரிந்தது.

"சொல்றதைக் கேளுங்க. நாளைக்கு நான் வர்றேன். அண்ணன் முன்னாடியே, ஊர் முன்னாடியே கூட்டிக்கிட்டுப் போறேன். ஆனா சோம்பா வண்டியில ஏறமாட்டேன். எதிர்ப்பக்கம் லிவோண்டே வண்டியில ஏறுவேன். ரெண்டு மணிக்கு அங்க பாலத்துக்கிட்ட வடக்கே லிலோங்வே போற பஸ் நிக்கும். சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. அங்க வந்து நில்லுங்க."

"என் மகளை நானே திருடிக்கிட்டு ஓடணுமா?"

"திருடுறவ நான். நீங்க வந்து நில்லுங்க, போதும்."

"மச்சான் உங்களை சும்மா விடுவாரா?"

"பேசமாட்டான். எத்தனை வருஷம்னு தெரியாது. நான் செத்தா மண்ணள்ளிப் போட வருவானான்னும் தெரியாது."

"அந்தக் கட்டில்..." என்றார் லிம்பானி.

"நான் படுத்துக்குவேன். கொசுவலை நல்லா இருக்கு."

மினிபஸ் வந்து நின்றது. "சோம்பா, சோம்பா, ஏறும்மா, இடம் இருக்கு!" என்று கண்டக்டர் கதவைத் தட்டினான். இடம் இல்லை. நாலு பேர் இருக்கிற சீட்டில் ஐந்தாவதாக இடித்துக்கொண்டு உட்கார்ந்து, காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

தியாமிக்கே பாயில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்குப் போடும் கவுன், இரண்டு பள்ளிக்கூட உடுப்பு, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர். பக்கத்தில் சோள மாவு வந்த வெள்ளைப் பை, கழுவிக் காயவைத்தது.

"யாரும்மா எடுத்து வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பெரியம்மா வீட்டுக்குப் போகவா?"

அவள் ஸ்வெட்டரின் கையை உள்ளே மடித்தாள். ஒழுங்காக வரவில்லை. பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எந்த வீடா இருந்தாலும் துணி வேணும்ல அப்பா."

லிம்பானி அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். நாளைக்கு இரண்டு மணி என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவளும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டியிருக்கும், தன் மாமா முகத்தைப் பார்த்து. சொல்லாவிட்டால் இந்த ஒரு ராத்திரி முழுவதும் அப்பா தன்னை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பாள். பாலத்துக்குப் போகும் துணிச்சல் தனக்கு இருக்கிறதா என்பதே அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"பையைக் கட்டக் கயிறு இருக்கா அப்பா?" என்று கேட்டாள் தியாமிக்கே.

"பார்க்குறேன்," என்று எழுந்து, கயிறு தேடுகிற சாக்கில் பின்வாசலுக்குப் போனவர், வெகுநேரம் உள்ளே வரவில்லை.